உறையின் மேல் பெயர் எழுதுங்கள்: எல்லையோரச் சாயப்பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு-ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்தில் சாயப்பட்டறை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும், அவர்களுக்குச் சாயம் விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களுக்கு வேற்றாள் இல்லை. சாயக்காரர் மகள். அப்பா கையில் ஒட்டியிருக்கும் நிறத்தைப் பார்த்தே அன்றைக்குப் பட்டறையில் என்ன ஓடியது என்று சொல்லிவிடுவேன். அந்த வீட்டிலிருந்து படித்து, வேதியியல் ஆசிரியையாக 28 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து பென்சீன் வளையம் போட்டவர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு சாயத்துக்கும், நூலில் நிறம் உண்டாக்கக் கரைக்கும் மூலப்பொருளான ஒவ்வொரு பேஸுக்கும் அதன் உண்மையான பெயரை உறையின் மேலும் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்.

போன மாசி மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். தொட்டி ஓரத்தில் என் பழைய மாணவன் நூல் சிட்டத்தைக் கழியில் மாட்டித் திருப்பிக்கொண்டிருந்தான். வெறும் கை. மணிக்கட்டுக்கு மேல்வரை பழுப்பேறிய மஞ்சள். பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு பாலித்தீன் உறை, அதன்மேல் பேனாவால் ‘சிவப்பு’ என்று ஒரே ஒரு சொல். “இது என்ன பேஸ்பா?” என்று கேட்டேன். “தெரியாது டீச்சர். செவப்பு பேஸ் குடுன்னா கடையில இதைத்தான் குடுப்பாங்க. நீங்கதானே கெமிஸ்ட்ரி டீச்சர், நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்றான்.

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டான். நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிறிய ஒரு தூள். அந்த மாதிரி இருக்கும் தூள்கள் எத்தனையோ உண்டு. பார்வையால் சொல்ல முடியாது, மோந்து பார்த்துச் சொல்ல நினைப்பது இன்னும் தப்பு. 28 வருஷம் கரும்பலகையில் அனிலின் எழுதிப்போட்ட எனக்கு, என் மாணவன் தினமும் கையால் அளைவது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இன்னொரு பழைய வலியும் அதோடு சேர்ந்துகொண்டது. அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை, அதனால் சூடு என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் குடித்து மூன்று மாதம் தள்ளிவிட்டார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் மிகப் பொறுமையான மனிதர். என்ன தொழில், எத்தனை வருஷம், என்னென்ன சாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பெருமையோடு பட்டியல் சொன்னார்: வெங்காயத்தோல் ரோஸ், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, ரத்தச் சிவப்பு. “நிறம் இல்லைங்க ஐயா, கெமிக்கல் பேர் வேணும்” என்றார் டாக்டர். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் வேலை செய்த பட்டறையை மூடி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் தேடியதில் இரண்டு பில் கிடைத்தது. ஒன்றில் ‘கலர் 2 கிலோ’, மற்றதில் ‘பேஸ் 1 கிலோ’. டாக்டர் ‘சாயத் தொழிலாளி’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

அப்பா பீடியும் குடித்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகை ஒரு பெரிய காரணம். ஆகவே சாயம்தான் அவரைக் கொன்றது என்று நான் எவர் மேலும் பழி போட மாட்டேன். பீடியா, பேஸா என்று ஆராய்ந்து பார்க்கக்கூட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். நீங்கள் கையாளும் சாயங்களில் மிகப் பலவற்றின் வேரைத் தோண்டினால் அனிலினும் அதன் உறவுக்காரர்களும்தான் கிடைப்பார்கள். அனிலின் என்ற பெயரே நம் மண்ணிலிருந்து போன சொல். நீலம் என்பது வடக்கே நீல் ஆகி, அரபியில் ‘அந்நீல்’ ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் ‘அனில்’ ஆனது. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலத்துக்கு ஐரோப்பாவில் அந்தப் பெயர். கடப்பைப் பக்கத்திலும் திண்டிவனம் பக்கத்திலும் இன்றும் அவுரி பயிராகிறது, உங்களுக்குத் தெரியும். 1826-ல் உன்வெர்டோர்பன் என்ற ஜெர்மானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்தார். எண்ணெய் போன்ற ஒரு திரவம் வந்தது. அதற்கு ‘கிரிஸ்டலின்’ என்று பெயர் வைத்தார். 1834-ல் ரூங்கே என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார். பிளீச்சிங் பவுடர் பட்டால் அது நீலமாக மாறியதால் ‘கியனால்’ என்றார். 1840-ல் ஃபிரிட்ஷே அவுரி நீலத்தைக் காஸ்டிக் பொட்டாஷோடு சூடாக்கி வடித்து ‘அனிலின்’ என்றார். 1842-ல் ருஷ்யாவில் சினின் நைட்ரோபென்சீனிலிருந்து ஒன்றைச் செய்து ‘பென்சிடாம்’ என்றார். நாலும் ஒரே பொருள்தான் என்று 1843-ல் ஹோஃப்மன் நிறுவிக் காட்டியபிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால், நம் பட்டறையில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு பொருளுக்கு நாலு பெயர் இருந்தது. இங்கே நாற்பது பொருளுக்கு ‘கலர்’ என்று ஒரே பெயர். முதல் குழப்பம் பதினேழு வருஷத்தில் தீர்ந்துவிட்டது.

அனிலின் எப்படித் தயாராகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது பின்னால் வேண்டியிருக்கும். பெட்ரோலியத்திலிருந்தோ தாரிலிருந்தோ வரும் பென்சீன்தான் தொடக்கம். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையை அதோடு 50, 60 டிகிரி சூட்டில் சேர்த்தால் நைட்ரோபென்சீன் கிடைக்கும். பாதாம் வாசனை அடிக்கும் மஞ்சள் எண்ணெய், கொடிய நஞ்சு. அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும். 1854-ல் பெஷாம்ப் என்ற பிரெஞ்சுக்காரர் இரும்புத்தூளும் அமிலமும் கொண்டு இதைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இரும்பு துருவாகிக்கொண்டே நைட்ரோபென்சீனை அனிலினாக மாற்றுகிறது. நீராவி விட்டு வடித்தால் அனிலின் தனியாக வந்துவிடும். மிஞ்சும் இரும்புச் சகதி நெடுநாள் வெறும் கழிவாக இருந்தது. 1920களில் ஜெர்மனியில் லாக்ஸ் என்பவர் அதையே நல்ல இரும்பு ஆக்சைடு நிறமியாக வரும்படி முறையை மாற்றினார். இப்போது பெரிய ஆலைகளில் இரும்புக்கு வேலை இல்லை. நைட்ரோபென்சீன் ஆவியையும் ஹைட்ரஜனையும் 200, 300 டிகிரியில் தாமிர வினையூக்கி வழியாக அனுப்புகிறார்கள். வினை தானே பெருஞ்சூட்டைக் கக்கும், அதை அடக்குவதில்தான் ஆலையின் திறமை இருக்கிறது. ஃபீனாலையும் அமோனியாவையும் சேர்த்துச் செய்யும் வழியும் ஒன்று உண்டு. நம் நாட்டில் குஜராத்தில் அனிலின் தயாராகிறது. உங்கள் சாயத் தூள்களில் பெரும்பாலானவை வருவதும் அந்தத் திசையிலிருந்துதான்.

சுத்தமான அனிலின் நிறமற்ற எண்ணெய். 184 டிகிரியில் கொதிக்கும். காற்றுப் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். அழுகிய மீன் நாற்றம். இந்த வகைச் சேர்மங்களுக்குப் பழைய பாடப்புத்தகத்தில் ‘நறுமணச் சேர்மம்’ என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பி எவரும் மோந்து பார்த்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் அழுத்திச் சொல்வேன்.

1856-ல் பதினெட்டு வயதுப் பையன் பெர்கின், மலேரியாவுக்கு க்வினைன் செய்ய முயன்று, அனிலினை டைக்ரோமேட்டோடு சேர்த்தபோது ஒரு கறுப்புச் சகதி வந்தது. சாராயத்தில் கரைத்தால் அழகான கத்தரிப்பூ நிறம். மோவ் என்ற அந்தச் சாயத்தோடுதான் செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது. இதில் நான் எப்போதும் நிறுத்திச் சொல்லும் ஓர் இடம் உண்டு. பெர்கின் வைத்திருந்தது சுத்தமான அனிலின் இல்லை. அதில் டொலுவிடின் என்ற பங்காளி கலந்திருந்தது. அந்தக் கலப்பு இல்லாவிட்டால் மோவ் நிறமே வந்திருக்காது. பாட்டிலில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னும் சில என்பது இந்தத் தொழிலின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

இன்று உலகில் தயாராகும் அனிலினில் சிறு பங்குதான் சாயத்துக்குப் போகிறது. பெரும்பங்கு ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து, பிறகு பாஸ்ஜீனோடு வினைபுரிந்து எம்.டி.ஐ. என்ற பொருளாகிறது. அதிலிருந்துதான் ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் நுரையும் செருப்பின் பாலியூரித்தேன் அடித்தட்டும் வருகின்றன. லாரி டயரின் ரப்பரைச் சீக்கிரம் பதப்படுத்தும் மருந்துகளும் அனிலின் வழி வந்தவை. 1886-ல் காய்ச்சலுக்கு மருந்தாக விற்ற அசிட்டனிலைடு அனிலினின் நேர் வாரிசு. அது ரத்தத்தைக் கெடுத்ததால் வழக்கொழிந்து, உடலுக்குள் அது மாறும் பொருளான பாரசிட்டமால் அந்த இடத்துக்கு வந்தது. சல்ஃபா மாத்திரைகளும் இந்த வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே அனிலின் குடும்பம் முழுவதும் விஷம் என்று பயமுறுத்த நான் வரவில்லை. தலைவலிக்கு நானும் பாரசிட்டமால்தான் போடுகிறேன். ஒரே குடும்பத்தில் மருந்தும் இருக்கிறது, நஞ்சும் இருக்கிறது. எது எது என்று பிரித்தறியப் பெயரை விட்டால் வேறு வழி இல்லை.

இனி உங்கள் தொட்டிக்கு வருகிறேன். ஆயத்தமாக வரும் ரியாக்டிவ் சாயம் வந்தபிறகு, நாப்தால் என்ற பொருளையும் பேஸையும் நூலிலேயே சேர்த்து நிறம் உண்டாக்கும் நாப்தால் வேலை குறைந்திருக்கிறது, ஆனாலும் லுங்கிச் சிவப்புக்கும் சேலைக்கரை அரக்குக்கும் பழைய முறையை விடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். டர்கி ரெட் ஆயில் விட்டுக் குழைத்து, காஸ்டிக் சோடாவும் வெந்நீரும் சேர்த்துக் கரைக்கும் நாப்தால் ஏ.எஸ். இருக்கிறதே, அது 1912 வாக்கில் ஜெர்மனியில் வந்தது. அதன் உடம்பில் ஒரு பாதி அனிலின். இன்னொரு தொட்டியில் ஐஸ் போட்டு, பேஸில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரைட்டும் சேர்க்கிறீர்கள். அந்த பேஸ் என்பது அனிலினில் இங்கொரு குளோரின், அங்கொரு நைட்ரோ, இன்னொரு பக்கம் ஒரு மெத்தில் என்று ஒட்டிய பொருள். நாப்தாலில் ஊறிப் பிழிந்த சிட்டம் அந்தக் குளிர்ந்த கரைசலில் இறங்கியதும் நிறம் ‘பட்’டென்று பொங்கி வரும். சிறுவயதில் அந்த நொடியைப் பார்க்கவே நான் பட்டறைக்கு ஓடுவேன். கடையில் வாங்குவது சாயத்தின் இரண்டு பாதிகள். சாயம் நூலின் உள்ளேயே பிறக்கிறது. அதனால் ஆயத்தச் சாயங்களின் தடைப் பட்டியலை மட்டும் பார்த்து ‘நம்மிடம் அது இல்லை’ என்று நிம்மதி அடைய முடியாது. பேஸின் பெயரைப் பார்க்க வேண்டும்.

என்ன பெயர் என்கிறீர்களா? ஃபாஸ்ட் ஸ்கார்லெட் ஜிஜி பேஸ் என்று ஒன்று உண்டு. அது 2,5-டைகுளோரோஅனிலின். ஃபாஸ்ட் ஸ்கார்லெட் ஜி பேஸ் என்று இன்னொன்று உண்டு. அது 5-நைட்ரோ-ஆர்த்தோ-டொலுவிடின். இரண்டும் ஸ்கார்லெட், இரண்டும் தூள். பெயரில் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. ஆனால் இரண்டாவது, புற்றுநோய் அபாயத்துக்காக ஐரோப்பா துணியில் இருக்கவே கூடாது என்று விலக்கிவைத்த அமீன்களின், அதாவது அனிலின் வகைப் பொருள்களின், பட்டியலில் இருக்கிறது. முதலாவது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக முதலாவது கையால் அளையக்கூடிய பொருள் என்று ஆகிவிடாது, அதுவும் ரத்தத்தைக் கெடுக்கும். ‘டி.ஆர். சிவப்பு’ என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்த ஃபாஸ்ட் ரெட் டி.ஆர். பேஸ் 4-குளோரோ-ஆர்த்தோ-டொலுவிடின். அதுவும் பட்டியலில் உண்டு. கார்னெட் ஜி.பி.சி. பேஸும் நீல பி பேஸும் அப்படியே. பட்டியலில் உள்ள இந்த நாலில் எது இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். இருக்கிறதா இல்லையா என்று சொல்லத்தான் உறையின் மேல் பெயர் வேண்டும். ‘சிவப்பு’ என்று எழுதிய உறைக்குள் மேலே சொன்னதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இவை உடம்புக்குள் எப்படிப் போகின்றன என்பதைத் தொழிலாளிகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வாய்வழி மட்டுமே விஷம் ஏறும் என்பது பழைய நம்பிக்கை. அனிலினும் அதன் உறவுகளும் தோல் வழியாகவே உள்ளே போகும். வெயிலில் வேர்த்து ஈரமான தோல் என்றால் இன்னும் எளிது. மூச்சு வழியாகத் தூசாகவும் போகும். உள்ளே போனதும் கல்லீரல் அதை மாற்றுகிறது. மாறிய பொருள், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் இரும்பைக் கெடுத்து, சுமக்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. ஆலையில் இரும்பு தன்னைத் துருவாக்கிக்கொண்டு அனிலினைக் கொடுக்கிறது. உடலில் அனிலின் நம் ரத்தத்தின் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். உதடும் நகமும் நீலம் பாயும், தலை கனக்கும், மயக்கம் வரும். பட்டறையில் யாருக்காவது இப்படி ஆனால் ‘வெயில் மயக்கம்’ என்று மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். நனைந்த சட்டையைக் கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையோடு அந்த உறையையும் எடுத்துப்போங்கள். இதற்கு டாக்டர்கள் ஊசியில் ஏற்றும் மெத்திலீன் நீலம், 1876-ல் அனிலின் வழிப் பொருளிலிருந்து சாயமாகப் பிறந்ததுதான். ஆனால் உறையில் பெயர் இருந்தால்தான் அதைப் போடலாமா என்று அவர்கள் விரைந்து முடிவெடுக்க முடியும்.

அது உடனே தெரியும் கேடு. இன்னொன்று பதினைந்து, இருபது வருஷம் கழித்து வரும். 1895-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், ஃபுக்சின் சாயம் தயாரித்த 45 தொழிலாளிகளில் 3 பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்ததைக் கவனித்துச் சொன்னார். நெடுநாள் அதற்கு ‘அனிலின் புற்றுநோய்’ என்றே பெயர். ஆனால் குற்றவாளி அனிலின்தானா, கூட இருந்த வேறு யாராவதா என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் முழுதாக விளங்கவில்லை. 1954-ல் பிரிட்டனில் கேஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை விளக்கினார்கள். எப்படி? சாயத் தொழிற்சாலைகளின் ஆள் பதிவேடுகளைத் தோண்டி எடுத்தார்கள். எந்த ஆள், எந்த வருஷம், எந்தப் பொருளில் வேலை பார்த்தான் என்று அதில் இருந்தது. அதை இறப்புச் சான்றிதழ்களோடு பொருத்திப் பார்த்தார்கள். பீட்டா நாப்தைலமீனும் பென்சிடினும்தான் முதன்மைக் குற்றவாளிகள் என்று தெளிவானது. ஆலைகள் ஒவ்வொன்றாக அவற்றைக் கைவிட்டன. பதிவேட்டில் ‘கலர்’ என்று எழுதியிருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்குமா?

அனிலின் மேலிருந்த சந்தேகமும் முழுதாகப் போய்விடவில்லை. 2020-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதும் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. அதன் பங்காளி ஆர்த்தோ-டொலுவிடின் ஏற்கெனவே முதல் பிரிவில், ஐயமற்ற குற்றவாளிகளோடு இருக்கிறது. நம் மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. 1990களில் முதலில் பென்சிடின் வழிச் சாயங்களையும் பிறகு மற்ற அசோ சாயங்களையும் (நாப்தாலும் பேஸும் இணைந்து வருவதும் இந்த வகைதான்) சேர்த்து 112 சாயங்களைக் கையாளக் கூடாது என்று அறிவித்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொழில்நோயாகவே இடம்பெற்றிருந்தது. அப்பா போனபிறகுதான் எனக்கு அது தெரிந்தது. தெரிந்திருந்தாலும் எதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்போம்? ‘கலர் 2 கிலோ’வையா?

ஆற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துகிறேன், அது தனிக் கடிதத்துக்கு உரியது. நகரி ஆறு கொசஸ்தலையில் சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, நகரி ஆந்திரப் பக்கம் நின்றது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. அசோ சாயம் ஆற்றுச் சேற்றில் காற்றுப் படாமல் கிடந்தால், பாக்டீரியாக்கள் அதன் நடுக் கண்ணியை அறுத்துவிடும். நிறம் போய்விடும், ஆனால் பேஸாக இருந்த அமீன் மறுபடி விடுபடும். நிறம் தெளிந்ததே என்று நிம்மதி அடைய முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கும் உங்கள் நோட்டு வேண்டும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், கேட்டும் இருக்கிறேன். “கடைக்காரன் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகத் தருகிறான், நாங்கள் எங்கே பெயருக்குப் போவது?” கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கும் சின்னப் பட்டறைக்கு அது உண்மையான கஷ்டம். அதனால்தான் இந்த மடலைக் கடைக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அண்ணே, உங்கள் கடைக்கு வரும் டிரம்மிலும் மூட்டையிலும் பெயர் அச்சடித்து வருகிறது. சாயமென்றால் சி.ஐ. (கலர் இண்டெக்ஸ்) எண்ணும், வேதிப்பொருளென்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். என்ற அடையாள எண்ணும் இருக்கும். பொட்டலம் கட்டும்போது அந்தப் பெயரையும் எண்ணையும் சீட்டில் எழுதி ஒட்ட ஒரு நிமிஷம் ஆகுமா? தயாரிப்பாளரிடம் கேட்டால் பாதுகாப்புத் தாள் ஒன்று தருவார்கள், 16 பகுதி கொண்டது. அதை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கேட்பவருக்கு ஜெராக்ஸ் கொடுங்கள். பெயர் சொல்ல முடியாத சரக்கை விற்காதீர்கள்.

சாயமாஸ்டர்கள் வேறொன்று சொல்வார்கள்: “என் கலவை என் சொத்து, நோட்டில் எழுதினால் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.” அப்பாவும் அப்படித்தான். மயில்கழுத்துக் கலவையைத் தம்பிக்குக்கூட அவர் சொன்னதில்லை. அதை நான் மதிக்கிறேன். எத்தனை கிராம், எந்த வரிசை, எவ்வளவு நேரம் என்பது உங்கள் மனசுக்குள்ளேயே இருக்கட்டும். பட்டறைக்குள் என்னென்ன பொருள் வந்தது, எந்தத் தேதியில், எந்தக் கடையிலிருந்து, எவர் கையால் கரைத்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். ரகசியம் போகாது.

விலை கூடும் என்பவர்களுக்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. பெயரோடு வரும் சரக்கு கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நைட்ரைல் கையுறையும் நீளக் கைப்பிடி அகப்பையும் செலவுதான். ஆனால் ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பும் வியாபாரி அந்த அமீன்களுக்கான சோதனைச் சீட்டு கேட்காமல் சரக்கு எடுப்பதில்லை. தட்டுப்பட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

உறையிலும் நோட்டிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதுங்கள். நம் பட்டறைகளில் வீட்டில் ஒரு மொழி, வேலையில் ஒரு மொழி பேசுபவர்கள்தான் அதிகம். எண்ணை எண்ணாகவே எழுதினால் இரு மொழிக்கும் பொது. பேஸ் கரைப்பவர் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவ ஒரு குழாய் வையுங்கள். பீடி பற்றவைக்கும் முன்னும் கழுவச் சொல்லுங்கள், விரலில் ஒட்டியது பீடி வழியாக வாய்க்குப் போகிறது. வேலைச் சட்டையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அப்பாவின் சட்டையை அம்மா எங்கள் சட்டைகளோடு ஒன்றாக ஊறவைத்துத் துவைத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாப்தால் வேலையை விட்டுப் பத்து, பதினைந்து வருஷம் ஆன பெரியவர்கள் உங்கள் தெருவில் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். சூடு என்று தள்ளக் கூடாது. ஆரம்பத்தில் பிடித்தால் சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியை விட்டுக் கட்டியை எடுத்துவிட முடிகிறது. அப்பாவுக்கு அந்த மூன்று மாதம் போய்விட்டது.

என் மாணவனுக்கு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தேதி, கடை, பெயர், எண், எவ்வளவு, யார் கரைத்தார் என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அவன் முதலாளி முதலில் தயங்கினார், பிறகு சரி என்றார். அவருக்கு என் நன்றி. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஒன்பது வரி நிரம்பியிருந்தது. ஆறில் பெயரும் எண்ணும் இருந்தன. மூன்றில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. கடையில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

உங்களுக்கு உறையில் இருக்கும் பெயரையோ எண்ணையோ படித்துப் புரிந்துகொள்ள உதவி வேண்டுமென்றால் நான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். பொதட்டூர்பேட்டையில் டீச்சர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். தூளைக் கொண்டுவர வேண்டாம், உறையைக் கொண்டுவாருங்கள். காலி உறையானாலும் சரி.

அன்புடன்,
சாயக்காரர் மகள், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை